சாவி இறுகியும் ஓடாத கடிகாரம், தட்டினால் மட்டும் பாடும் ரேடியோ

என் மேசை இழுப்பறையில் ஒரே மாதிரியில், ஏறக்குறைய ஒரே வயதில் இரண்டு சாவிக் கைக்கடிகாரங்கள் இருக்கின்றன. ஒன்று குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்து வீட்டில் கிடந்தது. மற்றது குளச்சலில், அலைச் சத்தம் கேட்கும் வீட்டில். முதலாவதைத் திறந்தபோது எண்ணெய் காய்ந்திருந்தது, அவ்வளவுதான். இரண்டாவதில் சாவித் தண்டு துருவேறி உடலோடு ஒட்டிப்போயிருந்தது. டயலின் ஓரம் பச்சை பூத்திருந்தது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நனைக்கிறது நம் கன்னியாகுமரி மாவட்டத்தை. நீரோடி முதல் கன்னியாகுமரி வரை உப்புக் காற்று வேறு. பழைய கைக்கடிகாரம், ரேடியோ, இசைத்தட்டு, டேப் ஆகியவற்றின் கோளாறுகளை அறிகுறி வாரியாகக் கீழே தருகிறேன். எந்த அறிகுறியைப் பார்த்தாலும் முதல் சந்தேகத்தை ஈரத்தின் மேலும் உப்பின் மேலும் வையுங்கள். இரண்டாவது சந்தேகம், உங்களுக்கு முன் அதைத் திறந்தவர் மேல். பாகம் தேய்ந்திருக்கும் என்பது மூன்றாவதாகத்தான் வர வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை: பத்து மடங்கு பெரிதாக்கும் லூப், சிறிய திசைகாட்டி, மல்டிமீட்டர், ஹோல்டரோடு ஒரு 60 வாட் குண்டு பல்பு. எல்இடி பல்பு உதவாது. இழை எரிகிற பழைய பல்பே வேண்டும். ஏன் என்பது ரேடியோ பகுதியில் வரும்.

சாவி முழுதாக இறுகிவிட்டது, ஆனால் ஓடவில்லை

"சாவி அதிகம் கொடுத்துவிட்டேன், அதனால் நின்றுவிட்டது" என்று சொல்லாதவர் இல்லை. சாவி இறுகுவது ஒரு பழுதே அல்ல. மெயின் ஸ்பிரிங் முழுதாகச் சுற்றிக்கொண்டு தன் வேலைக்குத் தயாராக நிற்கிறது. அதன் விசைதான், முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரம் வரை போய்ச் சேரவில்லை. கடிகாரத்தை உள்ளங்கையில் படுக்க வைத்து, தட்டில் அரிசி சலிப்பதுபோல மெதுவாக வட்டமாக அசையுங்கள். சில வினாடி ஓடி நின்றால் எண்ணெய் காய்ந்து பிசினாகிவிட்டது என்று பொருள். டிக் சத்தமே எழவில்லை என்றால் பேலன்ஸ் தண்டின் நுனி ஒடிந்திருக்கலாம், அல்லது துரு.

முதல் வகைக்கு மருந்து ஒன்றுதான்: முழுதாகப் பிரித்து, கழுவி, புதிதாக எண்ணெய் இடுவது. பழைய பிசின் மேல் புது எண்ணெய் விடுவது அழுக்குத் துணிக்கு மேல் கஞ்சி போடுவது மாதிரி. இதை நான் அனுபவித்துத்தான் கற்றேன். பத்தாவது படிக்கும்போது அப்பாவின் கடிகாரம் நின்றுபோனது. பின்மூடியைக் கத்தியால் நெம்பி, அடுக்களையிலிருந்து தேங்காய் எண்ணெய் எடுத்து ஈர்க்குச்சியால் இரண்டு சொட்டு விட்டேன். ஓடியது! மூன்று நாள் ஓடியது. பிறகு வடசேரியில் ஒரு கடிகாரக்கார அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் திறந்து, மூக்கருகே வைத்து முகர்ந்து, "கடுகு தாளிக்க மறந்துவிட்டாயா, மக்களே?" என்று கேட்டார். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரியிலேயே உறையத் தொடங்கிவிடும். காலப்போக்கில் காறிப்போய்ப் பசையாகும். தையல் மெஷின் எண்ணெயும் வேண்டாம். அது சக்கரத் தண்டுகளைத் தாங்கும் கல்லின் குழியில் நிற்காமல் எங்கும் பரவி, இருக்க வேண்டிய இடத்தை வறளவிட்டு, இருக்கக் கூடாத ஹேர்ஸ்பிரிங்கில், அதாவது பேலன்ஸை ஆட்டும் மெல்லிய சுருளில், போய் உட்காரும். கடிகார எண்ணெய் ஒரு கல்லுக்கு ஊசிமுனை அளவு போதும். பேலன்ஸைத் தள்ளிவிடும் கவையான பேலட் ஃபோர்க்கின் தண்டு நுனிகளுக்கு அதுவும் கிடையாது. அங்கே உலர்வாகவே விடுவார்கள். எல்லா ஓட்டையிலும் எண்ணெய் மின்னுகிற கடிகாரத்தைப் பார்த்தால் முந்தைய கை எப்படிப்பட்டது என்று உடனே தெரிந்துவிடும்.

திருகிக்கொண்டே இருக்கிறேன், இறுகவே இல்லை

ஆட்டோமேட்டிக் என்றால் கவலை இல்லை. நிறைந்த பிறகு ஸ்பிரிங் நழுவிக்கொள்ளும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். சாவிக் கடிகாரம் என்றால் மெயின் ஸ்பிரிங் ஒடிந்திருக்கும், அல்லது அதன் கொக்கி கழன்றிருக்கும். விரலை எடுத்ததும் சாவி பின்னோக்கிச் சுழன்றால் ஸ்பிரிங் நன்றாகவே இருக்கிறது, அதைத் தடுத்து நிறுத்தும் கிளிக் போய்விட்டது. கிளிக் மலிவான வேலை.

நாளுக்குப் பத்து நிமிடம், சில நாள் அரை மணி கூட முந்துகிறது

இரண்டு மூன்று நிமிடம் முந்தினால், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் கம்பியைச் சற்றே நகர்த்திச் சரிசெய்யலாம். பத்து நிமிடத்துக்கு மேல் என்றால் அந்தக் கம்பியைத் தொடாதீர்கள். அது அங்கே குற்றவாளி அல்ல. ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஸ்பிரிங் குட்டையாகிவிட்டது. குட்டையான ஸ்பிரிங் பேலன்ஸை வேகமாக ஆட்டும். ஒட்டுவதற்குக் காரணம் காந்தம், அல்லது மேலே சொன்ன ஊர்சுற்றி எண்ணெய்.

காந்தமா என்று அறியத் திசைகாட்டியை மேசையில் வைத்து, ஓடுகிற கடிகாரத்தை மெதுவாக அருகே கொண்டுவாருங்கள். முள் துள்ளினால், அல்லது கடிகாரத்தைச் சுழற்றும்போது கூடவே திரும்பினால் காந்தம் ஏறியிருக்கிறது. காந்தத்தை நீக்கும் டிமேக்னடைசர் என்ற சிறிய பெட்டி மலிவாகவே கிடைக்கிறது. கடிகாரத்தை அதன்மேல் வைத்து, பொத்தானை அழுத்தி, அழுத்தியபடியே கடிகாரத்தை ஒரு முழம் தூரத்துக்கு மெதுவாக விலக்கி, அதன்பிறகே பொத்தானை விடுங்கள். அருகில் இருக்கும்போதே விட்டால் முன்பைவிட மோசமாகக் காந்தம் ஏறும்.

கடிகாரமும் ஆடியோவும் சேர்த்து வளர்க்கும் வீடுகளுக்கென்றே உள்ள நோய் இது. இரவு கழற்றிய கடிகாரத்தை எங்கே வைக்கிறோம்? ஸ்பீக்கர் பெட்டியின் தலையில். அதன் உள்ளே உள்ளங்கை அகலக் காந்தம். நான் இரண்டு ஆண்டு இதைச் செய்துவிட்டு, கடிகாரத்தைக் குறை சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கண்ணாடிக்குள் ஆவி படிகிறது

இதற்கு நாள் பார்க்கக் கூடாது. பழைய கடிகாரத்தின் ரப்பர் வளையம் இறுகிப்போய் மிட்டாய் மாதிரி உடையும். மூடியில் என்ன எழுதியிருந்தாலும் அது தண்ணீரைத் தடுக்கும் என்று நம்ப வேண்டாம். அரிசிப் பானையில் புதைப்பதும் வேண்டாம். சாவித் துளை வழியே அரிசித் தூள்தான் உள்ளே போகும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இறுக்கமான டப்பாவில் வைத்து, கடைக்குக் கொண்டுபோங்கள். முட்டத்திலோ கன்னியாகுமரியிலோ கடலில் இறங்கி உப்புநீர் புகுந்திருந்தால் டப்பாவும் வேண்டாம். உலர உலர உப்பு எஃகைத் தின்னும். அன்றைக்கே பிரித்துக் கழுவியாக வேண்டும்.

ஆவி தெரியாமலேயே உள்ளே ஈரம் இருக்கக்கூடும். சோதனை எளிது. கடிகாரத்தைக் கைக்கு இளஞ்சூடாகத் தெரிகிற அளவு, 40 டிகிரி போல, சூடாக்குங்கள். கண்ணாடி மேல் குளிர்ந்த நீர் ஒரு சொட்டு விட்டு ஒரு நிமிடம் பொறுத்துத் துடையுங்கள். சொட்டு இருந்த இடத்துக்கு நேர் கீழே, உட்பக்கம் மங்கல் இருந்தால் ஈரம் குடியிருக்கிறது.

டிக் டிக் கேட்கிறது, முள் மட்டும் நகரவில்லை

நிமிட முள்ளைத் தாங்கும் கேனன் பினியன் தளர்ந்திருக்கிறது. இறுக்குவது கடைக்காரருக்கு ஐந்து நிமிட வேலை.

இருட்டில் ஒளிர்ந்த புள்ளிகள் பழுப்பாகி அணைந்துவிட்டன

1960களுக்கு முந்தைய வெளிநாட்டுக் கடிகாரம் என்றால் அது ரேடியம் சாயமாக இருக்கலாம். ஒளி அணைந்ததால் ரேடியம் தீர்ந்தது என்று எண்ணாதீர்கள். ஒளிர்ந்தது அதனுடன் கலந்த துத்தநாக சல்பைடு, களைத்தது அதுதான். ரேடியம் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 1600 ஆண்டு ஆகும். சுரண்டக் கூடாது, ஊதக் கூடாது, வீட்டில் திறக்கவே கூடாது. இந்தக் கட்டுரையில் நான் கண்டிப்பாகச் சொல்கிற இரண்டில் இது ஒன்று.

டயல் மட்டும் புத்தம் புதிதாக இருக்கிறது

இது வாங்கும்போது பார்க்க வேண்டிய அறிகுறி. எச்.எம்.டி. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. 2016இல் அதன் கடிகார நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. அதன்பின் ஜனதா, பைலட் போன்ற மாதிரிகளைத் தேடி வாங்குவோர் பெருகினார்கள். கூடவே டயலுக்குப் புதுச் சாயம் பூசி விற்பவர்களும் பெருகினார்கள். லூப்பில் பாருங்கள். அசல் எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும். மறுசாயத்தில் எழுத்து ஈரத்தாளில் மை கசிந்தது போலத் தடித்திருக்கும். ஐம்பது வயதுக் கேஸில் கீறல், பின்மூடியில் வியர்வைக் குழி, டயலில் மட்டும் மயில் நீலமா? விலை பேசாமல் கிளம்பலாம். பழுப்பேறிய அசல் டயல் எனக்கு ஆயிரம் மடங்கு மேல்.

பல வருடம் சும்மா கிடந்த வால்வு ரேடியோ: பிளக்கைச் செருகலாமா?

கூடாது. கண்டிப்பான இரண்டாவது இது. டிரான்சிஸ்டருக்கு முந்தைய, கண்ணாடிக் குழாய் வால்வுகளால் இயங்கும் வால்வு ரேடியோவின் உள்ளே 250 வோல்ட் அளவில் நேர் மின்னோட்டம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கன்டென்சர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரைக் காப்புள்ள கிளிப்பில் பிடித்து, மெயின் கன்டென்சரின் இரு முனைகளுக்கும் நடுவே சில வினாடி வைத்து வடித்துவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வையுங்கள். இன்னொன்று: வால்வுகளின் பெயர் 'யூ' என்ற எழுத்தில் தொடங்கினால் அது பெரும்பாலும் ஏசி-டிசி செட். அதில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது; பாகங்களைத் தாங்கும் உலோகச் சேசிஸே நேராக மின்கம்பியோடு இணைந்திருக்கும். தொட்டால் கம்பத்தைத் தொட்டது போலத்தான். அதை அனுபவமுள்ளவரிடம் விட்டுவிடுங்கள். 'ஈ' என்று தொடங்கினால் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட்.

இப்போது அந்தக் குண்டு பல்பு. ரேடியோவுக்குப் போகும் ஒரு கம்பியை வெட்டி நடுவில் பல்பைத் தொடராக இணையுங்கள். மெக்கானிக்குகள் சீரியஸ் லாம்ப் என்பார்கள். சுவிட்சைப் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. ரேடியோ அளவாகக் குடிக்கிறது. பளிச்சென்றே நின்றால் உள்ளே ஷார்ட். அணைத்துவிடுங்கள். இழை பல்பு அந்தச் சுமையைத் தன் தலையில் வாங்கிக்கொண்டதால் டிரான்ஸ்ஃபார்மர் பிழைத்தது; எல்இடியால் அது முடியாது.

பழைய மெழுகுக் காகிதக் கன்டென்சர்களை நம் மாவட்டத்து ஈரம் சும்மா விடாது. அவற்றில் முதலில் மாற்ற வேண்டியது, ஸ்பீக்கரை இயக்கும் அவுட்புட் வால்வின் கிரிட் என்ற கட்டுப்பாட்டு முனைக்குப் போகும் கப்ளிங் கன்டென்சர். அந்தக் கிரிட்டில் மீட்டர் வையுங்கள். பூஜ்யமோ சற்றே மைனஸோ காட்ட வேண்டும். பிளஸ் காட்டினால் கன்டென்சர் ஒழுகுகிறது. வால்வு அளவுக்கு மீறி மின்னோட்டம் இழுத்து, அதன் உள்தகடு சிவக்கத் தொடங்கும். சிவப்பைக் கண்டால் பாட்டு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பாட்டுக்கு அடியில் ஓர் உறுமல்

வால்யூமை முழுதாகக் குறையுங்கள். உறுமல் அப்படியே நின்றால் பவர் சப்ளையின் ஃபில்டர் கன்டென்சர் உலர்ந்துவிட்டது. அதே அளவு, அதே அல்லது அதிக வோல்ட் தாங்கும் புதியதை இடுங்கள். அளவைப் பெரிதாக்கினால் இன்னும் நல்லது என்று பலரும் எண்ணுகிறார்கள். ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வு உள்ள செட்டில் அந்தப் பேராசை வால்வையே தின்றுவிடும்.

வால்யூமோடு உறுமலும் குறைந்தால் கோளாறு அதற்கு முன்னால். ரெக்கார்ட் பிளேயர் என்றால் அதன் எர்த் கம்பி ஆம்ப்ளிஃபயரில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பாதி வீடுகளில் அது பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும்.

வால்யூம் திருகினால் கரகர. தட்டினால் மட்டும் பாடுகிறது

கரகர என்றால் கன்ட்ரோலில் அழுக்கு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு காண்டாக்ட் கிளீனர் ஒரு சீத்து, இருபது முறை இப்படியும் அப்படியும் திருகல். முக்கால்வாசி தீர்ந்துவிடும். துரு நீக்கும் ஸ்பிரேயை உள்ளே அடிக்காதீர்கள். எண்ணெய்ப் படலம் விட்டுப்போய் அதில் தூசி ஒட்டும்.

தட்டினால் பாடுவது வேறு கதை. வீட்டில் எல்லோருக்கும் எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்று தெரிந்திருக்கும். சிறு பிள்ளை கூடச் சரியாகத் தட்டும். வால்வைச் சாக்கெட்டிலிருந்து உருவிப் பாருங்கள். கடற்கரை ஊர் ரேடியோ என்றால் அதன் கால்களில் பச்சையோ கறுப்போ படிந்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து நாலைந்து முறை செருகி எடுங்கள். அப்படியும் தட்ட வேண்டியிருந்தால் எங்கோ டிரை சால்டர், அதாவது சரியாகப் பிடிக்காத பற்றவைப்பு. செட் ஓடும்போது உலர்ந்த மூங்கில் குச்சியால், மற்றக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இணைப்பாக மெதுவாகத் தொட்டால் அதுவே காட்டிக்கொடுக்கும். பற்றவைப்பது செட்டை அணைத்து வடித்த பிறகு.

இசைத்தட்டு மெதுவாகச் சுற்றுகிறது, பாடகரின் குரல் கனத்துவிட்டது

தட்டின் ஓரத்தில் வெள்ளைத் துணுக்கு ஒன்றை ஒட்டி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு மூன்று நிமிடம் எண்ணுங்கள். நிமிடத்துக்கு 33⅓ என்றால் மூன்று நிமிடத்தில் சரியாக 100 சுற்று. 96, 97 என்றால் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது மோட்டாரில் எண்ணெய் வறண்டிருக்கும். சரியாக 83 வருகிறதா? பழுதே இல்லை. அது 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்குச் செய்த பிளேயர். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மோட்டாரின் புல்லியை 50 ஹெர்ட்ஸ் அளவுக்கு மாற்ற வேண்டும். 110 வோல்ட்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தட்டிலேயே வெண்ணிறப் பூஞ்சை பூத்திருந்தால் வினைல் தட்டைக் காய்ச்சி வடித்த நீரும் சிறிது ஆல்கஹாலும் கலந்து கழுவலாம். 78 சுற்று அரக்குத் தட்டுக்கு ஆல்கஹால் துளியும் ஆகாது. அரக்கு அதில் கரைந்துவிடும், பாட்டும் கூடவே போய்விடும். அந்தத் தட்டுக்கு ஊசியும் வேறு. எல்.பி. ஊசியைப் போல நான்கு மடங்கு தடித்த நுனி வேண்டும். மெல்லிய ஊசி பள்ளத்தின் அடியில் தடுமாறி இரைச்சலைத்தான் எடுக்கும்.

டேப் ரெக்கார்டர் கேசட்டை மென்றுவிட்டது

மார்த்தாண்டம், தக்கலை பக்கம் வளைகுடாவிலிருந்து வந்த, ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன் இல்லாத பரண் குறைவு. எடுத்து ஓட்டினால் முதல் பாட்டிலேயே நாடா குடலாக வெளியே வரும். நாடாவை வாங்கிச் சுற்றிக்கொள்ளும் பக்கம் சுற்றவில்லை, காரணம் பெல்ட். இந்த வெப்பத்திலும் ஈரத்திலும் சில பெல்ட்டுகள் தார் மாதிரி உருகி புல்லியில் அப்பிக்கொள்ளும். புது பெல்ட் போடுவதற்கு முன் அந்தத் தாரை ஆல்கஹாலில் ஒரு துளி மிச்சமில்லாமல் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் புதியதும் வழுக்கும். கைலியில் பட்டால் கைலியை மறந்துவிடுங்கள்.

ஓசை மந்தமாக இருந்தால் நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடையுங்கள். நாடாவின் விளிம்பில் வெள்ளைப் புள்ளி தெரிகிற கேசட்டைச் செருகவே கூடாது. பூஞ்சை ஹெட்டில் ஒட்டி, அடுத்து வரும் கேசட்டுகளுக்கெல்லாம் தொற்றும்.

எல்லாம் சரி, நாகர்கோவில் மட்டும் வரவில்லை

நாகர்கோவில் வானொலி 1984 அக்டோபர் 30 அன்று நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையமாகத் தொடங்கியது. பண்பலையில் 101 மெகாஹெர்ட்ஸ். மீடியம் வேவ், ஷார்ட் வேவ் மட்டும் உள்ள வால்வு ரேடியோவில் அதைத் தேடிப் பயனில்லை. மீடியம் வேவில் வெறும் சரசரப்பு மட்டும் என்றால், செட்டைத் திறப்பதற்கு முன் வீட்டிலுள்ள எல்இடி பல்புகளையும் போன் சார்ஜர்களையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

விநோதமான வழக்கு ஒன்று என்னிடம் வந்தது. ஜப்பானிலிருந்து உறவினர் கொண்டுவந்த அழகான ரிசீவர். எஃப்எம் பட்டையும் உண்டு. நாகர்கோவில் வரவே இல்லை. என்னிடம் வருவதற்குள் மூன்று கைகள் அதைத் திறந்திருந்தன. அலைவரிசையைத் தீர்மானிக்கும் காயில்களின் மெழுகை உடைத்து ஆளுக்கொரு பக்கம் திருகியிருந்தார்கள். டயலைப் பார்த்தேன். 76இல் தொடங்கி 90இல் முடிந்தது. ஜப்பானின் எஃப்எம் பட்டை அப்போது அவ்வளவுதான். 101 அந்த டயலுக்கு வெளியே இருக்கிறது. ஜப்பான் கார்களின் ரேடியோவுக்கென்று விற்கும் பேண்ட் எக்ஸ்பேண்டர் ஒன்றை ஆன்டெனா வழியில் மாட்டினேன். அது 20 மெகாஹெர்ட்ஸ் இறக்கித் தரும். நாகர்கோவில் 81இல் வந்தது. அதை மாட்டப் பத்து நிமிடம். திருகிய காயில்களை மறுபடி இடத்துக்குக் கொண்டுவர ஒரு மாதம்.